பின்சீட்டுச் சிரிப்பு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சருக்கு வண்டிக்குள் ஒரு வாய், வண்டிக்கு வெளியே ஒரு வாய். உள்ளே இருக்கும் வாய் தங்கம். கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியைக் குதிக்க வைத்தாலும் சரி, இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டு கெத்தாகத் திரும்பினாலும் சரி, "பரவாயில்ல, இன்னொரு தடவ" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. தன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, அதன்மேல் தன் கால் இருக்கிறது, பிறகு எதற்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்வது என்பது அவள் கட்சி. கீழே இறங்கிவிட்டால் கதை வேறு. தெருவில் பாதி பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

அவள் வகுப்பில் சட்டம் இரண்டே இரண்டு. தப்பு செய்த கையோடு யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது முதலாவது. நேரம் முடிந்துவிட்டாலும், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றாலும், ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வேறெதுவும் முடியாவிட்டால் கண்ணாடியைத் திருத்தி வைத்துவிட்டாவது இறங்கலாம். இரண்டாவது, பின்சீட்டில் தன் முறைக்காகக் காத்திருப்பவர் ஓட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்தால், அடுத்த நிமிஷமே ஸ்டீயரிங் சிரித்தவர் கைக்கு மாறும். இந்த இரண்டு சட்டங்களை வைத்துத்தான் அவள் இத்தனை வருஷம் பள்ளி நடத்தினாள். வண்டியின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்திருந்தாள்: 'இதில் ஏறியவர் யாரும் பாதியில் இறங்கியதில்லை.' அது விளம்பரத்துக்காகச் சொன்ன பொய் இல்லை. உண்மையிலேயே ஒருவர்கூட இறங்கியதில்லை. டீச்சருக்கு நகை மேல் ஆசை கிடையாது, புடவை மேல் ஆசை கிடையாது, அந்த ஒரு வரி மேல்தான் கொள்ளை ஆசை.

நாத்தனாரின் கைங்கரியத்தால் டீச்சர் இணையத்திலும் ஏறினாள். கணவரின் தங்கையான அந்தப் பெண் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அண்ணன் வீட்டோடுதான் இருக்கிறாள். அண்ணி பேசுவதைப் படம் பிடித்துப் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவள் சொன்னாள், போயிற்று. வாரம் ஒரு வீடியோ வந்தது. கீழே கருத்துகள் குவிந்தன. சாப்பாடு ஆனதும் நாத்தனார் ஒவ்வொன்றாக வாசிப்பாள், டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வாள், நாத்தனார் தட்டித் தட்டிப் போடுவாள்.

பக்கத்து அறையில் கணவர் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். மேஜை முழுக்கத் திறந்தபடி வாய்கள். "நான் செய்யற வாய்ங்க எவ்வளவோ தேவல, ஒண்ணும் திருப்பிப் பேசாது" என்று அவ்வப்போது அங்கிருந்தே ஒரு குரல் வரும்.

"உங்க தொழில் ஓடறதே பேசற வாய்ங்களால்தான்" என்று இங்கிருந்து ஒன்று போகும்.

அந்த வருஷம்தான் டீச்சர் பள்ளிக்குப் புது வண்டி வாங்கியிருந்தாள். அதில் எடுத்த மூன்றாவது வீடியோ கொஞ்சம் பகட்டானது. செங்குத்தான மேட்டில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைத் தொடாமல், பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்துச் சும்மா வெண்ணெயாக மேலே ஏற்றிக் காட்டினாள். "கைப்பிரேக் எதுக்கு? காலே போதும். கிளட்ச்சுல ஒரு நடுக்கம் தெரியும் பாருங்க, அப்ப மாத்துங்க, வண்டி அசையாது" என்று காமிராவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பாராட்டு மழை பொழிந்தது. அந்த மழையில் ஒரே ஒரு கல்.

"'மூணாவது வீடு'ன்னு ஒரு ஆள் அண்ணி" என்று நாத்தனார் வாசித்தாள். "'தப்பு. நீங்க சொன்ன மாதிரி செஞ்சா வண்டி பின்னால போகுது.' அவ்வளவுதான். வணக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல."

டீச்சருக்குச் சுருக்கென்றது. எத்தனையோ ஆண்கள் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறார்கள். அவள் ஒரு மேட்டைப் பார்ப்பதற்குமுன் ஒன்பது பேர் வழி சொல்வார்கள். இதுவும் அந்தக் கும்பல்தான் என்று அவள் அந்த நொடியே முடிவு கட்டினாள்.

"எழுது. 'வண்டி மேல தப்பில்லீங்க சார். ஓட்டறவர் மனசு எந்தப் பக்கமோ, வண்டியும் அந்தப் பக்கம். பின்னாலயும் ஊர் இருக்கு, நிதானமா போய்ப் பாத்துட்டு வாங்க!'"

நாத்தனார் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மட்டுமா? வீடியோவைவிட அந்தப் பதில் வேகமாகப் பரவியது. 'டீச்சர்னா சும்மாவா', 'சாரோட வண்டிக்கு முன்னால பாக்கவே கண்ணாடி வேணும் போல', 'சார் போற வழியில எங்க ஊரையும் எட்டிப் பாருங்க' என்று கூட்டம் கூட்டமாக வந்து அந்த மனிதரை வாரினார்கள். நாத்தனார் அந்தப் பதிலை எல்லாவற்றுக்கும் மேலே தெரியும்படி குத்தி வைத்தாள்.

மறுநாள் 'மூணாவது வீடு' ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: 'சரிங்க. வண்டிய வித்துடறேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும்.'

"நக்கல பாரு" என்றாள் டீச்சர். அதோடு அதை மறந்தும் போனாள்.

அடுத்த வாரம் பள்ளி வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. கற்றுக்கொள்கிறவர்கள் கிளட்ச் பிளேட்டை மிட்டாய் மாதிரி தின்றுவிடுவார்கள். வகுப்பை நிறுத்த மனமில்லாமல், கணவரின் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஓட்ட வந்தது மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். பயந்தவள், ஆனால் நாலு வாரமாக நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள். மேட்டில் சிக்னல் விழுந்து வண்டி நின்றது.

"டீச்சர், கைப்பிரேக் வேண்டாம்தானே? உங்க வீடியோவ பத்து தடவ பாத்துட்டேன்."

"வேண்டாம். காலே போதும்."

பச்சை விழுந்தது. அந்தப் பெண் வீடியோவில் பார்த்தபடியே காலை மாற்றினாள். வண்டி ஒரு மூச்சு வாங்கிவிட்டு நேராகப் பின்னால் போகத் தொடங்கியது. டீச்சரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேடி வெறும் தரையை மிதித்தது. இது கணவரின் வண்டி, இதில் அவளுக்கென்று பிரேக் இல்லை. பின்னால் ஒரு சிலிண்டர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. டீச்சர் பாய்ந்து கைப்பிரேக்கை வேரோடு பிடுங்குவது மாதிரி இழுத்தாள். வண்டி நின்றபோது கண்ணாடியில் லாரியின் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

மருந்துக்கடைப் பெண் ஓவென்று அழுதாள். "நான் எறங்கிடறேன் டீச்சர். எனக்கு வராது."

"எறங்கலாம். யாரும் பிடிச்சு வெக்கல. மொதல்ல இந்தக் கைப்பிரேக்க பிடி. கிளட்ச்ச பாதி விடு. வண்டி மூக்க தூக்குதா? லேசா ஆக்சிலேட்டர். இப்ப கைய எடு."

வண்டி மேட்டின் மேல் ஏறியது. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினபோது அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. டீச்சர் முகத்தில்தான் இல்லை.

புது வண்டிக்கு மேட்டில் தானாகவே கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு என்று ஷோரூம்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டீச்சர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், மறந்துவிட்டாள். வண்டி செய்த வேலையைத் தன் கால் செய்ததாக நினைத்துக்கொண்டாள். பழைய வண்டியில் அவள் கால் அதைச் செய்யும், அது நிஜம். அதற்குப் பல வருஷப் பழக்கம் இருக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர் அதையே செய்தால் வண்டி பின்னால்தான் போகும். ஒருவர் அதைத்தான் எழுதியிருந்தார், அதை மட்டும்தான் எழுதியிருந்தார். 'வண்டி பின்னால போகுது.' செய்து பார்த்தவர் எழுதுகிற வரி அது. நக்கலுக்கு எழுதுகிறவனுக்கு இவ்வளவு சிக்கனம் ஏது?

வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு இன்னொரு வரி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. 'வண்டிய வித்துடறேன்.' தன் வண்டியில் ஏறாத ஒருவரைத் தானே பாதியில் இறக்கிவிட்டாள். அதுவும் தப்பு செய்த கையோடு, ஊரே பின்சீட்டில் உட்கார்ந்து சிரிக்க.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனாரிடம் சொன்னாள். "பள்ளி வண்டி திரும்பி வந்ததும் பின்கண்ணாடில ஒட்டியிருக்கறத உரிச்சுப் போடு."

"என்ன அண்ணி, பேய் அடிச்ச மாதிரி வந்து நிக்கறீங்க?"

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாத்தனார் உடனே போனை எடுத்தாள். "இதுக்கா இந்தப் பாடு? வீடியோவ தூக்கிடறேன். பதிலும் போயிடும், அந்த ஆள் எழுதினதும் போயிடும். ஒரு ஈ காக்காக்குத் தெரியாது."

டீச்சருக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பக்கத்து அறையில் அரத்தால் ராவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"பல்செட் ஈறுல உறுத்துதுன்னு ஒருத்தர் வந்தா, நான் செட்ட தூக்கிக் குப்பைல போடறதில்ல" என்றார் கணவர், தலையை நிமிர்த்தாமல். "எங்க உறுத்துதோ அங்க ராவறேன். ஈறு ஆறணுமே."

"வந்துட்டாருப்பா" என்று முனகினாள் டீச்சர். ஆனால் நாத்தனாரின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவை எழுதியது இப்படி இருந்தது: 'எங்கள் பதிவால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் அதற்கு வருந்துகிறோம்.' நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு அண்ணி. யாருடைய மனமாவதுன்னா யாரு? ஊர்ல ஒரு ஆளத்தானே கிண்டல் பண்ணீங்க?"

அழித்தாள். இரண்டாவது தடவை, புது வண்டியின் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுதினாள். வாசித்துப் பார்த்தால், தப்பு முழுக்க ஷோரூம்காரருடையது என்று வந்திருந்தது. அதையும் அழித்தாள். கீரை ஆயாமல், டிவி பார்க்காமல், ஒரு பதிலுக்காக அவள் இத்தனை நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில், அவரைக் கேலி செய்த அதே இடத்தில், அந்தக் கேலிக்கு நேர் கீழே, வண்டிக்குள் இருக்கும் வாயால் எழுதினாள்:

'நீங்க சொன்னது சரி. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு. என் புது வண்டி மேட்டுல தானா பிடிச்சுக்குது, உங்களோடது பிடிக்காது. நீங்க கைப்பிரேக் போட்டுத்தான் எடுக்கணும். செஞ்சு பாத்துட்டு வந்து சொன்னீங்க, நான் உங்கள நாலு பேர் முன்னால கிண்டல் பண்ணினேன். அது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுடுங்க. வண்டிய வித்துட்டீங்களா?'

குத்தி வைத்திருந்த கேலியை எடுத்துவிட்டு இதைக் குத்தி வைக்கச் சொன்னாள். வீடியோவின் தலைப்பிலும் 'இதில் தப்பு இருக்கிறது, கீழே படியுங்கள்' என்று போடச் சொன்னாள். நாத்தனார் முகம் சுண்டிப் போனாலும் செய்தாள்.

'மூணாவது வீடு' வாய் திறக்கவில்லை. திறந்தவர்கள் மற்றவர்கள்தான். 'டீச்சர், இவருக்கெல்லாம் எதுக்கு மன்னிப்பு?', 'சார் இன்னும் பின்னாலயே போயிட்டு இருக்காரு, நெட்வொர்க் கிடைக்காது' என்று டீச்சரின் சேனையே மறுபடி ஆரம்பித்தது. எல்லாம் அவள் ஊட்டி வளர்த்த வாய்கள். இவர்களையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கேலி செய்தவர்களைக் கேலி செய்தால் அது இன்னும் இரண்டு நாள் ஓடும், அந்த மனிதர் வந்து பார்த்தால் ஒரே கூச்சலாக இருக்கும். வகுப்பில் இதற்கென்று ஒரு சட்டம் இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

'என் வண்டில பின்சீட்ல சிரிச்சவங்கதான் அடுத்து ஓட்டணும்' என்று எழுதினாள். 'சிரிச்ச எல்லாரும் வாங்க. முதல் நாள் நீங்க வண்டில பண்ணின கூத்த இங்க எழுதுங்க. மறைக்காம எழுதணும். நானே ஆரம்பிக்கறேன். என் முதல் நாள்ல, எஞ்சினே போடாம ஸ்டீயரிங்கப் பிடிச்சுகிட்டு, ஏன் போகலன்னு அழுதேன்.'

பிறகு ஒருவர் எழுதினார்: 'சொந்த மாமனார் வீட்டு கேட்டுக்குள்ள நேரா போயிட்டேன், கேட்டும் கூடவே வந்துச்சு.' அடுத்து ஒரு பெண்: 'பெட்ரோல் மூடியத் திறக்கத் தெரியாம பங்க்குல மூணு சுத்து சுத்திட்டு வந்துட்டேன்.' நெட்வொர்க் கிடைக்காது என்று எழுதியவரே வந்து, ரிவர்ஸ் எடுப்பதாக நினைத்துத் தான் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வண்டி நகர்ந்ததை, தன் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது என்று ஒப்புக்கொண்டார். மருந்துக்கடைப் பெண் அந்த சிலிண்டர் லாரிக் கதையை எழுதினாள், டீச்சர் பெயரைச் சொல்லாமல். டீச்சர் அதன் கீழே 'அன்னிக்குப் பக்கத்துல உக்காந்து தப்பா சொல்லிக்கொடுத்தது நான்தான்' என்று போட்டாள். நாத்தனாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணியின் பதில்களில் இத்தனை நாள் சிரித்ததைவிட அன்று அதிகம் சிரித்தாள் என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்தக் கூத்துகளுக்கெல்லாம் அடியில், அந்த மனிதர் வந்தார்.

'எல்லாத்தையும் படிச்சேங்க. டைப் பண்ண கொஞ்சம் மெதுவாத்தான் வரும், அதான் சுருக்கமா எழுதறது. கோவம் இல்ல. நான் ரயில்ல கார்டா இருந்து ரிட்டயர் ஆனவன். வேலைக்குச் சேந்த நாள்லேந்து கடைசிப் பெட்டிதான், முன்னால உக்காந்து பழக்கமில்ல. காரு வீட்டம்மா ஓட்டுவாங்க. இப்ப அவங்களுக்குக் கண்ணு சரியில்ல, அதான் நான் கத்துக்கலாம்னு பாத்தேன். எங்க வீடு மேட்டுத் தெருவுல மூணாவது வீடு. எப்ப எடுத்தாலும் மேடுதான். வண்டிய ஒருத்தர் பாத்துட்டுப் போயிருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்.'

டீச்சர் இதை மூன்று தரம் வாசித்தாள். கடைசிப் பெட்டிக்காரரைப் பார்த்தா 'பின்னாலயும் ஊர் இருக்கு' என்று சொன்னோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "விக்காதீங்கன்னு எழுதுங்க அண்ணி, கெஞ்சிக் கேளுங்க" என்றாள் நாத்தனார். டீச்சர் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தன் கண்ணாடியில் ஒட்டிய ஒரு வரிக்காக முன்பின் தெரியாத மனிதர் காரை வைத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

'விக்கறது உங்க இஷ்டங்க' என்று எழுதினாள். 'ஆனா எங்க வகுப்புல தப்பு செஞ்ச கையோட யாரையும் எறங்க விடறதில்ல. ஒண்ணே ஒண்ணு சரியா செஞ்சுட்டு எறங்குங்க. எஞ்சின் வேண்டாம். உள்ள உக்காந்து, நடுக் கண்ணாடிய உங்க உசரத்துக்குத் திருத்துங்க. அது போதும்.'

மாலையில் பதில் வந்தது. 'திருத்திட்டேன். பின்னால எல்லாம் நல்லா தெரியுது. அது எனக்குத் தெரிஞ்ச எடம்தான்.' அடுத்து இன்னொன்று: 'உக்காந்ததுதான் உக்காந்தேன். அடுத்து என்னங்க?'

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'பக்கத்துல ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?'

'வீட்டம்மா இருக்காங்க. கண்ணுதான் சரியில்ல, வாய் நல்லாத்தான் இருக்கு.'

'அப்ப கைப்பிரேக்க பிடிங்க' என்று எழுதி, வண்டி மூக்கைத் தூக்கும் இடத்திலிருந்து கையை எடுக்கும் இடம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்தத் தடவை கண்ணடிப்பு இல்லை. மறுநாள், பள்ளி வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பும் வரைகூடக் காத்திருக்காமல், கணவரின் பழைய வண்டியிலேயே மேட்டுக்குப் போய்ப் புது வீடியோ ஒன்றும் எடுத்துப் போட்டாள். அதில் முதலில் வேண்டுமென்றே, புதிதாக ஓட்டுகிறவர் மாதிரி, பழைய முறையில் எடுத்து, வண்டி பின்னால் போவதைக் காட்டினாள். 'இதத்தான் அவர் சொன்னார்' என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டீச்சர் காலையிலிருந்து போனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். துவைத்த துணியை மறுபடி துவைக்கப் போட்டாள். குழம்பில் உப்பு இல்லை என்றதற்குக் கணவர் பேச்சு வாங்கினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நாத்தனார் கத்தினாள்: "அண்ணி! மூணாவது வீடு!"

"வாசி."

"'வாங்க வந்தவர் வண்டி மேடு ஏறுமான்னு கேட்டார். ஏத்திக் காட்டினேன். வண்டி அருமையா இருக்குன்னார். அருமையா இருக்கற வண்டிய எதுக்குக் குடுக்கணும்னு வீட்டம்மா கேட்டாங்க. குடுக்கல.'"

டீச்சர் ஈரக் கையோடு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவள் முயலவில்லை. பக்கத்து அறையிலிருந்து கணவர் கையில் ஒரு பல்செட்டோடு எட்டிப் பார்த்தார், சிரித்தார், உள்ளே போனார்.

"பதில் என்ன போடட்டும் அண்ணி? நல்லதா நறுக்குனு ஒண்ணு சொல்லுங்க."

டீச்சர் யோசித்தாள். நறுக்கென்று எதுவும் வரவில்லை. "'ரொம்ப சந்தோஷங்க. செவ்வாக்கிழமை அடுத்த பாடம்'னு போடு."

நாத்தனார் போட்டாள். வாசலில் வெயிலில் நின்ற பள்ளி வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "அண்ணி, பின்கண்ணாடில ஒட்டியிருக்கறத உரிக்கச் சொன்னீங்களே, மறந்தே போயிட்டேன். இப்ப உரிச்சுடவா?"

"கைய வெச்சுப் பாரு" என்றாள் டீச்சர்.